நோட்டீஸ்ல இருந்த சம்பளம்

கணக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கோபம் வந்தா என்ன பண்ணுவான்? கணக்குத்தான் போடுவான். இந்தப் பதிவரும் ஒரு மாசமா அதைத்தான் பண்ணிட்டிருக்கார். (இந்தப் பதிவுல 'நான்' வரமாட்டார், 'பதிவர்'தான் வருவார். 'நான்' போட்டு எழுதினா தெருவுல நின்னு கத்துற மாதிரி இருக்குதுன்னு வீட்டம்மா சொல்லிட்டாங்க.)

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, ஈரோட்டுல ஒரு கல்யாண மண்டபத்துல வெளிநாட்டுப் படிப்புக் கண்காட்சி. காபி ஓசின்னு பதிவர் போகலைங்க. (கிடைச்சுது. நல்லாவே இருந்துச்சு.) அக்காவும் அக்கா பொண்ணும் கையோட இழுத்துட்டுப் போனாங்க.

பொண்ணு பல் டாக்டர். பி.டி.எஸ். அஞ்சு வருஷம் படிச்சு முடிச்சு, ஒரு கிளினிக்குல காலைல 10 மணியிலிருந்து ராத்திரி 8 மணி வரைக்கும் நின்னு, மாசம் 18,000 ரூபா வாங்குறா. கூடப் படிச்சதுல பாதிப் பேர் இப்ப ஒரே பாட்டுத்தான் பாடுறாங்களாம்: அமெரிக்கா போய் எம்.பி.எச். அதாவது பொதுச் சுகாதாரத்துல மேல்படிப்பு. அங்க மறுபடி பல் டாக்டரா உட்காரணும்னா பரீட்சை, மறுபடி பல்மருத்துவக் கல்லூரி, அதுக்கொரு பெரிய செலவுன்னு நீளுது. எம்.பி.எச்.னா ரெண்டே வருஷம். உள்ள நுழைய ஒரு கதவு.

ஸ்டால்ல ஒரு வழவழ நோட்டீஸ் கொடுத்தாங்க. கோட்டு போட்ட ஒரு பொண்ணு சிரிச்சிட்டு நிக்குது. கீழ கொட்டை எழுத்துல: "எம்.பி.எச். முடித்தவர்களின் சராசரி ஆண்டுச் சம்பளம் ரூ.94 லட்சம்."

அக்கா அதை ரெண்டு தடவை படிச்சுது.

"ஏந்தம்பி, 94 லட்சமாம். வீட்டை அடமானம் வெச்சாலும் ஒரே வருசத்துல மீட்டுப் போடலாமாட்ட இருக்குதே?"

பதிவர் ஸ்டால்காரர்கிட்ட கேட்டார். "சார், இது அமெரிக்க கவர்மென்ட் டேட்டா" அப்படின்னார் அந்தத் தம்பி. நெஞ்சை நிமித்திட்டுச் சொன்னார்.

அவர் சொன்னது பொய்யில்லைங்க. அதுதான் வயித்தெரிச்சல்.

வீட்டுக்கு வந்து தேடினதுல, அந்த 94 லட்சம் பொறந்த இடம் கிடைச்சுது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை வருஷா வருஷம் எந்த வேலைக்கு என்ன சம்பளம்னு பட்டியல் போடும். 2023 மே மாசக் கணக்குப்படி மருத்துவ, சுகாதாரச் சேவை மேலாளர்களோட நடுத்தரச் சம்பளம் 1,10,680 டாலர். டாலருக்கு 85 ரூபான்னு வெச்சு அதைப் பெருக்குங்க. 94 லட்சத்து சொச்சம் வரும்.

அது எம்.பி.எச். சம்பளம் இல்ல. ஆஸ்பத்திரி மேனேஜர் சம்பளம். அதுல எம்.பி.ஏ. படிச்சவங்க இருப்பாங்க, நர்ஸா 20 வருஷம் இருந்து மேல வந்தவங்க இருப்பாங்க. எம்.பி.எச். படிச்சவங்களும் கொஞ்சம் பேர் இருப்பாங்க. சேலத்துல ஐ.டி.ஐ. படிச்சா மில்லு ஜி.எம். சம்பளம் வரும்னு சொல்ற மாதிரி. சில பேருக்கு வந்திருக்கும்தான்!

(இன்னொண்ணு, அது சராசரியும் இல்ல, நடு எண். எல்லாரையும் சம்பள வரிசையில நிக்க வெச்சு, நடுவுல நிக்கிற ஆளோட சம்பளம். பாதிப் பேர் அதுக்குக் கீழதான் வாங்குறாங்க. நோட்டீஸ்காரர் அதையும் சராசரின்னு போட்டுட்டார். போகட்டும்.)

அதே பட்டியல்ல, அதே வருஷத்துல, பொதுச் சுகாதாரத்துக்காரங்க நிஜமாவே போய் உட்கார்ற மத்த நாற்காலிங்களும் இருக்கு. எபிடெமியாலஜிஸ்ட், அதாவது நோய் எங்க ஆரம்பிச்சுது, எப்படிப் பரவுதுன்னு துப்புத் துலக்குறவர், 81,390 டாலர். சுகாதாரக் கல்வி நிபுணர், 62,860 டாலர். சமூக சுகாதாரப் பணியாளர், 48,200 டாலர்.

இந்த நாலு வேலையில சேர்றதுக்கு என்ன படிச்சிருக்கணும்னும் அதே துறை போட்டிருக்கு. சமூக சுகாதாரப் பணியாளருக்குப் பள்ளிப்படிப்பு போதும். கல்வி நிபுணருக்கும் மேனேஜருக்கும் இளங்கலை. முதுகலை வேணும்னு சொல்றது எபிடெமியாலஜிஸ்ட் ஒருத்தருக்குத்தான். அந்த வேலை நாடு முழுக்கச் சேர்த்தாலும் ஏறக்குறைய பத்துப் பன்னெண்டாயிரம்தான் இருக்கும். வருஷா வருஷம் வெளிய வர்ற எம்.பி.எச். கூட்டம் அதைவிடப் பெருசு.

அக்காகிட்ட இதைச் சொன்னப்போ, "48,000 டாலர்னாலும் 41 லட்சம் ஆச்சே தம்பி, அதென்ன கொறைச்சலா?"ன்னு கேட்டுது.

நியாயமான கேள்விதான். ஆனா 85-ஆல பெருக்க வேண்டியது சம்பளத்தை இல்லைங்க, மிச்சத்தை. வாடகை டாலர்ல, அரிசி டாலர்ல, கார் இன்சூரன்ஸ் டாலர்ல. அதெல்லாம் போக எது நிக்குதோ அதுதான் ஈரோட்டுக்கு வரும்.

இது நம்ம ஊரு பல் டாக்டருங்க பிரச்சினை மட்டும்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்கப் பசங்களே இதுல மாட்டிட்டு முழிக்கிறாங்க. அங்க கதை எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சாத்தான் நம்ம கதை புரியும்.

பொதுச் சுகாதாரத்துக்குன்னு தனிக் கல்லூரி வேணும்னு அமெரிக்காவுல 1915-ல ஒரு அறிக்கை போட்டாங்க. வெல்ச், ரோஸ்னு ரெண்டு பேர். அடுத்த வருஷமே ராக்கஃபெல்லர் அறக்கட்டளைப் பணத்துல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல கல்லூரி தொடங்கியாச்சு. வெல்ச்தான் முதல் டீன். படிச்சு முடிச்சவங்களை எடுத்துக்கப் போறது யாரு? அரசாங்கம். மாநிலச் சுகாதாரத் துறை, மாவட்டச் சுகாதாரத் துறை. கொசு, குடிதண்ணி, தடுப்பூசி எல்லாம் லாபம் வர்ற சரக்கில்லையே. அம்மை வராம தடுத்ததுக்கு யாரும் பில் கட்ட மாட்டாங்க.

அப்போ சம்பளத்தை முடிவு பண்றது ஒரு மாவட்டத்தோட பட்ஜெட். படிப்போட விலையை முடிவு பண்றதோ கல்லூரி. இவங்களுக்கும் அவங்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

பதிவர் வேலை பார்க்குற நூல் மில்லுல இப்படி நடக்கவே நடக்காது. பஞ்சு விலை ஏறி, நூல் விலை ஏறலைன்னா முதலாளி ரெண்டு ஷிஃப்டை நிறுத்திடுவார். ஏன்னா ரெண்டுமே அவர் பையிலிருந்து போற காசு. எம்.பி.எச்.ல பஞ்சுக்கும் நூலுக்கும் நடுவுல மாணவன் நிக்கிறான், கடன் பத்திரத்தைக் கையில பிடிச்சிட்டு.

அந்தக் கடனைச் சுலபமாக்கினது கிராட் பிளஸ்ங்கிற திட்டம். 2006 ஜூலையில வந்துச்சு. மேல்படிப்பு மாணவனுக்குக் கல்லூரி எவ்வளவு செலவாகும்னு சொல்லுதோ, அவ்வளவும் மத்திய அரசே கடன் தரும். உச்சவரம்பே இல்ல. படிச்சா என்ன சம்பளம் வரும்னு ஒரு கேள்வியும் இல்ல. நம்ம ஊரு பேங்க் மேனேஜர் கேட்டா மயக்கம் போட்டு விழுந்துடுவார்.

வட்டி? 2024-25-ல மேல்படிப்புக்கான சாதாரண மத்தியக் கடனுக்கு 8.08 சதவீதம், கிராட் பிளஸ்ஸுக்கு 9.08. கிராட் பிளஸ்ல கடனைக் கையில தர்றதுக்கு முன்னாடியே 4.228 சதவீதம் கட்டணமாப் பிடிச்சுக்குவாங்க. (நம்ம ஊருல முன்வட்டி எடுத்துட்டுத் தர்ற அண்ணனுங்க ஞாபகம் வருதா?) படிக்கிற காலத்துலயும் வட்டி ஓடிட்டே இருக்கும், படிக்கிறவரைக்கும் அரசே வட்டியைப் பார்த்துக்கிட்ட சலுகைக் கடனை மேல்படிப்புக்கு 2012-லயே நிறுத்திட்டாங்க.

1,00,000 டாலர் கடன், 8.08 சதவீதம், 10 வருஷத் தவணைன்னு பதிவர் போட்டுப் பார்த்தார். மாசம் 1,217 டாலர் வருது. 62,860 டாலர் சம்பளக்காரருக்கு வரிக்கு முன்னாடியே மாசம் 5,238 டாலர்தான். அதுல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு தவணைக்கே போயிடும். 48,200 டாலர் ஆளுக்கு மூணுல ஒரு பங்கை நெருங்கிடும்.

அங்க டாக்டருக்குப் படிக்கிறவங்க இதைவிடப் பெரிய கடன் வாங்குறாங்க. 2023-ல படிச்சு முடிச்சவங்கள்ல கடன் வாங்கினவங்களோட நடு எண் 2,00,000 டாலர். ஆனா அந்த டாக்டரோட நடுத்தரச் சம்பளம், பட்டியல்ல போடற உச்ச எல்லையான 2,39,200 டாலரையே தாண்டி நிக்குது. 'கடன் மொத்தம் முதல் வருஷச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது'ன்னு அமெரிக்காவுல ஒரு நாட்டுவழக்குக் கணக்கு உண்டு. டாக்டருக்கு அது என்னைக்காவது ஒத்து வந்துடும். அதே ஆஸ்பத்திரியில அடுத்த ரூம்ல உட்கார்ற எம்.பி.எச். ஆளுக்குப் பல நேரம் வராது.

சரி, எந்தக் கல்லூரியில எவ்வளவு கடன், எவ்வளவு சம்பளம்னு பார்க்கலாம்னு பதிவர் ஒரு ராத்திரி உட்கார்ந்தார். அமெரிக்கக் கல்வித் துறையோட காலேஜ் ஸ்கோர்கார்டு இருக்கு. 2015-ல ஒபாமா காலத்துல வந்தது. 2019-லிருந்து படிப்பு வாரியாவும் விவரம் போடுறாங்க. நம்ம ஊருல இப்படி ஒண்ணு வந்தா பாதி இன்ஜினியரிங் காலேஜ் கேட்டை இழுத்துச் சாத்திடுவாங்க, அது வேற விஷயம்.

முதல் தப்பு: கல்லூரிப் பேரைப் போட்டதும் மேல வந்த சம்பளத்தைப் பதிவர் அப்படியே எழுதிக்கிட்டார். ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அது அந்தக் கல்லூரி இளங்கலைப் பசங்களோட கணக்கு. இன்ஜினியர் எல்லாம் சேர்ந்து கிடக்குறாங்க. மொத்தத்தையும் அழிச்சாச்சு.

ரெண்டாவது தப்பு: இந்தத் தடவை 'பொதுச் சுகாதாரம், முதுகலை'ன்னு சரியாத்தான் தேர்ந்தெடுத்தார். ஆனா அந்தப் பெட்டிக்குள்ள ஆஸ்பத்திரி நிர்வாகம் படிச்சவங்களும் உட்கார்ந்திருக்காங்க. எபிடெமியாலஜியையும் உயிர்ப்புள்ளியியலையும் தனிப் படிப்பாப் பதிவு பண்ணியிருந்தா அது உயிரியல் பக்கம் ரெண்டு தனித்தனிப் பெட்டிக்குப் போயிடுது. ஒரே கட்டடத்துல படிக்கிற பசங்க, மூணு பெட்டியில. துவரம்பருப்பு டப்பாவுல கடலையும் கலந்திருக்கு, துவரை கொஞ்சம் பச்சைப்பயிறு டப்பாவுல கிடக்கு.

மூணாவது: எம்.பி.எச். படிக்கிறவங்கள்ல ஏற்கெனவே டாக்டரா இருக்கிறவங்களும் உண்டு. அவங்க சம்பளத்துக்குக் காரணம் ஸ்டெதஸ்கோப், எம்.பி.எச். இல்ல. ஆனா கணக்குல ஒண்ணாத்தான் வருவாங்க. சில கல்லூரியில சம்பளம் மட்டும் ஏன் இப்படிக் குதிக்குதுன்னு பதிவர் வியந்ததுக்கு இதுவும் ஒரு விடையா இருக்கலாம்.

(மணி ராத்திரி ஒண்ணு. "யாரு படிக்கப் போறா, பொண்ணா, நீங்களா?"ன்னு உள்ள இருந்து குரல்.)

நாலாவதுதான் தலையில அடிச்சுக்க வெச்சுது. ஸ்கோர்கார்டு எண்ணுறது மத்திய அரசு உதவி வாங்கின மாணவங்களை மட்டும். அதுல வெளிநாட்டு மாணவங்க கிடையாது. மாணவர் விசாவுல போறவங்களுக்கு அந்த உதவியே கிடையாதே! ஈரோட்டுப் பல் டாக்டர் படிச்சு முடிச்சு என்ன சம்பாதிச்சாங்கன்னு அந்தப் பட்டியல்ல ஒரு வரி இல்ல. மூணு மணி நேரம் பதிவர் தேடினது வேற யார் வீட்டுப் பசங்களோட கணக்கையோ.

ஆனாலும் பட்டியல் வீண் இல்லைங்க. இதே விவரத்தை வெச்சுத்தான் 2021-ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு வெடியைப் போட்டுது. கொலம்பியா பல்கலையில சினிமா முதுகலை படிச்சவங்கள்ல கடன் வாங்கினவங்களோட நடுக் கடன் 1,81,000 டாலர். ரெண்டு வருஷம் கழிச்சுப் பாதிப் பேர் வருஷத்துக்கு 30,000 டாலர் கூட வாங்கலை. அதே வருஷம் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலையோட சமூகப்பணி முதுகலைக் கதை வந்துச்சு. கடன் 1,12,000 டாலர், பாதிப் பேர் சம்பளம் 52,000 அல்லது அதுக்கும் கீழ. அந்தப் படிப்பை ஆன்லைன்ல நடத்திக் கொடுத்த 2யூங்கிற கம்பெனிக்குக் கட்டணத்துல 60 சதவீதம் போச்சு. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலையோட ஆன்லைன் எம்.பி.எச்.சுக்கும் அதே 2யூதான் கூட்டாளியா இருந்துச்சு. 2024 ஜூலையில அது திவால் மனு போட்டுது.

சினிமாக்காரங்க, சமூகப்பணிக்காரங்க, பொதுச் சுகாதாரக்காரங்க. மூணு பேருக்கும் ஒரே ஒத்துமைதான்: மனசுக்குப் பிடிச்ச வேலைன்னு வர்றவங்க, விலையைப் பேரம் பேச மாட்டாங்க.

கோவிட் வந்தப்போ இந்த ஆசை உச்சத்துக்குப் போச்சு. தினம் டிவியில எபிடெமியாலஜிஸ்ட் முகத்தைப் பார்த்த பசங்க எம்.பி.எச்.சுக்கு விண்ணப்பத்தைக் குவிச்சாங்க. அதே நேரத்துல உள்ள இருந்தவங்க வெளிய ஓடிட்டிருந்தாங்க. 2017-லிருந்து 2021-க்குள்ள மாநில, உள்ளூர்ப் பொதுச் சுகாதார ஊழியர்கள்ல கிட்டத்தட்டப் பாதிப் பேர் வேலையை விட்டுட்டாங்க. சம்பளம் போதலை, மிரட்டல் வேற. 2008 பொருளாதாரச் சரிவுக்கு அப்புறம் கொறஞ்சது 38,000 மாநில, உள்ளூர்ப் பணியிடம் காணாமலே போயிருந்துச்சு.

பதிவரை உட்கார வெச்ச எண் ஒண்ணு இருக்கு. அரசுப் பொதுச் சுகாதாரத் துறைகள்ல வேலை பார்க்குறவங்கள்ல பொதுச் சுகாதாரப் பட்டம் வெச்சிருக்கிறவங்க 14 சதவீதம்தான். மீதி 86 பேரும் நர்ஸ், இன்ஸ்பெக்டர், கிளார்க், வேற படிச்சவங்க. அப்போ அந்த முதலாளிக்கு எம்.பி.எச். கட்டாயம் இல்ல. கட்டாயம் இல்லாத பட்டத்துக்கு அவர் ஏன் கூடுதல் காசு தரப் போறார்?

அமெரிக்கப் பசங்களுக்கு ஒரு தப்பிக்கிற வழி இருக்கு. 2007-ல புஷ் கையெழுத்துப் போட்ட பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி. அரசுலயோ லாப நோக்கில்லாத நிறுவனத்துலயோ வேலை பார்த்துட்டு 120 தவணை கட்டினா மீதிக் கடன் போயிடும். 2017-ல முதல் கூட்டம் மனு போட்டப்போ நூத்துக்கு 99 மனுவைத் திருப்பி அனுப்பினாங்க. தப்பான கடன், தப்பான திட்டம், தப்பான படிவம்னு. அப்புறம் விதிகளைத் தளர்த்தி, 2024-க்குள்ள 10 லட்சம் பேருக்கு மேல தள்ளுபடி ஆச்சு.

இந்த வழி இருந்தா கணக்கே மாறிடுது. 2025-ல வந்த புதுச் சட்டத்துல வருமானத்தைப் பொறுத்துத் தவணை கட்டுற ஒரு திட்டம் இருக்கு. 62,860 டாலர் வருமானத்துக்கு 6 சதவீதம், மாசம் 314 டாலர் பக்கம். 1,217 எங்க, 314 எங்க! அதனால சுகாதாரத் துறையில 10 வருஷம் உட்காரப் போற அமெரிக்கப் பொண்ணுக்கு, கடன் 60,000-ஆ 1,00,000-ஆங்கிறது பெரிய வித்தியாசமே இல்ல. தனியார் கன்சல்டிங் கம்பெனிக்குப் போறவளுக்குத்தான் ஒவ்வொரு டாலரும் கடிக்கும். ஒரே பட்டம், ஒரே கடன், ரெண்டு தலையெழுத்து.

அதே சட்டம்தான் கிராட் பிளஸ்ஸையும் 2026 ஜூலை 1-லிருந்து புதுசாக் கடன் வாங்குறவங்களுக்கு மூடிடுது. மேல்படிப்புக்கு வருஷம் 20,500 டாலர், மொத்தம் 1,00,000. 'தொழில்முறைப் படிப்பு'ன்னா வருஷம் 50,000, மொத்தம் 2,00,000. எது தொழில்முறை? 2025 நவம்பர்ல கல்வித் துறைக் குழு ஒத்துக்கிட்ட வரைவுல மருத்துவம் இருக்கு, பல் மருத்துவம் இருக்கு, சட்டம் இருக்கு, கால்நடை இருக்கு. இறையியல் கூட இருக்கு. நர்ஸிங்கும் பொதுச் சுகாதாரமும் இல்ல.

கொள்ளைநோய் வந்தா ஜெபம் பண்றவர் தொழில்முறை, தடுப்பூசி திட்டம் போடறவர் இல்ல!

கல்லூரிங்க கொதிச்சுப் போயிருக்காங்க. பதிவருக்கு இதுல அரை மனசுதான். அவமானப்படுத்தினது தப்பு. ஆனா ரெண்டு வருஷத்துக்கு 41,000 டாலர்தான் அரசு தரும்னா, 1,00,000-க்கு மேல கேட்கிற கல்லூரி கொஞ்சமாவது யோசிக்கணும். யோசிக்காம பசங்களைத் தனியார் வட்டிக்காரன்கிட்ட அனுப்பிவிட்டுட்டா அது இன்னும் மோசம். தனியார் கடனுக்கு அந்தத் தள்ளுபடி செல்லாது.

வேலைப் பக்கமும் காத்து மாறிடுச்சு. 2025 ஏப்ரல்ல அமெரிக்கச் சுகாதார அமைச்சகத்துல 10,000 பேருக்கு நோட்டீஸ். அட்லாண்டாவுல இருக்கிற நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யில மட்டும் 2,400. வெளிநாட்டு உதவிக்கான யு.எஸ்.எய்ட் ஜூலையில மூடியே போச்சு. உலகச் சுகாதாரம் படிச்சவங்க கனவு காணுற ரெண்டு கதவு அது.

இப்ப ஈரோட்டுக்கு வருவோம்.

அக்கா பொண்ணுக்கு அமெரிக்க அரசுக் கடன் இல்ல, அதனால தள்ளுபடியும் இல்ல, 314 டாலர் தவணையும் இல்ல. சி.டி.சி. மாதிரி மத்திய அரசு வேலைக்குப் பொதுவாக் குடியுரிமை வேணும். மாவட்டச் சுகாதாரத் துறை வெளிநாட்டு ஆளுக்கு விசாவுக்கு மனு போடறது அபூர்வம். இவளுக்கு இருக்கிறது இந்தியப் பேங்க் கடன். 7.5 லட்சத்துக்கு மேலன்னா பொதுவா அடமானம்.

60 லட்சம், ரெண்டு தவணையா வாங்குறா, வட்டி 10.5 சதவீதம்னு வெச்சுக்குங்க. படிப்புக் காலமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனா வட்டி தூங்காது. மூணு வருஷ முடிவுல தனிவட்டியே 15.75 லட்சம் சேர்ந்திருக்கும். மொத்தத்துக்கும் 10 வருஷத் தவணை போட்டா மாசம் 1,02,000 ரூபா. டாலர்ல 1,200. சுத்திச் சுத்தி அமெரிக்கப் பையன் கட்டுற அதே தொகைக்கு வந்து நின்னாச்சு, அவனுக்கு இருக்கிற தப்பிக்கிற வழி மட்டும் இல்லாம.

பதிவருக்குத் தூக்கி வாரிப் போட்டது அந்த 'ஒரு வருஷம்'தான். படிச்சு முடிச்சதும் அமெரிக்காவுல வேலை பார்க்க ஓ.பி.டி.ன்னு அனுமதி தருவாங்க. 12 மாசம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டியல்ல இருக்கிற படிப்புன்னா கூட 24 மாசம். பொதுவான எம்.பி.எச். அந்தப் பட்டியல்ல இல்லைங்க! எபிடெமியாலஜி, உயிர்ப்புள்ளியியல் இருக்கு.

அதாவது, பேங்க் தவணையை ஆரம்பிக்கிற மாசமும், அமெரிக்கா 'வேலை பார்த்தது போதும்'னு சொல்ற மாசமும் ஏறக்குறைய ஒண்ணு. அதுக்குள்ள எச்-1பி வேலை விசாக் குலுக்கல்ல பேர் விழணும். விழலைன்னா 1,02,000 ரூபா தவணையோட ஊருக்கு வந்து, 18,000 ரூபா கிளினிக்கு.

நோட்டீஸ்ல இதுக்கு ஒரு வரி கூட இல்ல. கோட்டு போட்ட பொண்ணு சிரிச்சிட்டேதான் இருக்குது.

இதுல ஒரு சின்ன சூட்சுமம். படிப்பு எந்தப் பெட்டியில இருக்குங்கிறதை முடிவு பண்றது ஒரு ஆறு இலக்க எண். மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தர்ற ஐ-20 படிவத்துல அச்சாகி வரும். 51.2201-னு இருந்தா பொதுவான பொதுச் சுகாதாரம், 12 மாசம். 26.1309 எபிடெமியாலஜி, 36 மாசம். பாடம் ஏறக்குறைய ஒண்ணா இருந்தாலும் எண் வேறயா இருந்தா ரெண்டு வருஷச் சம்பளம் வித்தியாசம். ஸ்டால்ல இருந்த தம்பிகிட்ட அந்த எண்ணைக் கேட்டப்போ, "சார், அதெல்லாம் அட்மிஷன் ஆனதுக்கு அப்புறம்" அப்படின்னார்.

பொண்ணு இதையெல்லாம் கேட்டு அழுவான்னு பதிவர் பயந்தார். அவ நோட்டை எடுத்துட்டு வந்து உட்கார்ந்தா.

"மாமா, அப்போ போகவே கூடாதுங்கறீங்களா?"

"அப்படிச் சொல்லலை கண்ணு. இந்த விலைக்கு, இந்தப் பெட்டிக்குப் போகாதேங்கறேன்."

"இங்கயே படிச்சா?"

இங்கயும் இருக்கு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தோட அச்சுதமேனன் மையத்துல 1997-லிருந்து எம்.பி.எச். நடக்குது. சென்னை அயப்பாக்கத்துல தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர். கடன் பெருசா ஆகாது. ஆனா தமிழ்நாட்டுல மாநகர நல அலுவலர் நாற்காலிக்கு எம்.பி.பி.எஸ். வேணும், பல் டாக்டருக்கு அந்தக் கதவு மூடியிருக்கு. திட்டப் பணி, ஆராய்ச்சிப் பணி, தொண்டு நிறுவனம்னுதான் தேடணும். அதையும் மறைக்காமச் சொல்லியாச்சு.

கடைசியா அவ போட்ட பட்டியல் இதுதான். ரெண்டு வருஷமும் சேர்த்து 30 லட்சத்துக்கு மேல கடன் வாங்க வைக்கிற இடம் எல்லாம் அடிச்சாச்சு. மிச்சம் நிக்கிறது நாலு மாநிலப் பல்கலைக்கழகம். உதவியாளர் வேலை கிடைச்சா கட்டணத்தைத் தள்ளுபடி பண்ற வழக்கம் அங்க உண்டு. நாலு பேருக்கும் மின்னஞ்சல் போட்டா. மூணே கேள்வி: ஐ-20-ல வர்ற எண் என்ன? போன வருஷம் எத்தனை வெளிநாட்டு எம்.பி.எச். மாணவங்களுக்கு உதவியாளர் வேலை கொடுத்தீங்க? முடிச்ச வெளிநாட்டு மாணவங்க இப்ப எங்க வேலை பார்க்குறாங்க?

ரெண்டு பேர் பதில் போட்டாங்க. எண் என்னன்னு ரெண்டு பேரும் ஒளிக்காமச் சொல்லிட்டாங்க. உதவியாளர் வேலை பத்தி ஒருத்தர் மட்டும். மூணாவது கேள்விக்கு ரெண்டு பேர்கிட்டயும் பதில் இல்ல.

மூணாவதுக்குப் பதில் உங்ககிட்டதான் இருக்கு. இங்க பி.டி.எஸ்., பிசியோதெரபி, பார்மசி ஏதாவது முடிச்சுட்டு அமெரிக்காவுல எம்.பி.எச். படிச்சவங்க யாராவது இதைப் படிச்சிட்டிருந்தா, பதிவருக்கு மூணு எண் மட்டும் அனுப்புங்க: வாங்கின கடன், முதல் வேலையோட வருஷச் சம்பளம், அந்த வேலை கிடைக்க ஆன மாசம். உங்க பேரு வேண்டாம், காலேஜ் பேரும் வேண்டாம். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிட்டு வருது, இந்த மாசக் கடைசிக்குள்ள அனுப்பினா அவளுக்கு உதவியா இருக்கும்.